மண்டையோட்டு முகத்து இராட்சதன்

வாராவாரம் எமக்கு வந்து சேரும் கடிதங்களுள் ஒன்று, இம்முறை மற்றவற்றையெல்லாம் பின்தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது. எழுதியவர் வடபகுதியைச் சேர்ந்த ஒரு தாயார். பதின்மூன்று வயதான தம் மகன் பாடசாலை விட்டு வந்ததும் கணினியின் முன் அமர்ந்து ஏதோ யந்திரப் போர் விளையாட்டொன்றை ஆடுகிறான் என்றும், அதிலே மண்டையோட்டைப் போன்ற முகங்கொண்ட ஓர் இராட்சத யந்திரம் திரையை அடைத்துக்கொண்டு நடந்து வருகிறது என்றும், முதன்முதலாக அதைக் கண்ட மாலையில் தமக்கு நெஞ்சு திக்கென்றது என்றும் அவர் எழுதுகிறார். “வானத்தில் இரைச்சல் கேட்டால் பங்கருக்குள் ஓடிய ஆட்கள் நாங்கள். பிள்ளையோ அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். அதற்குப் பெயர் அட்லஸாம். நான் இதைத் தடுக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?” என்பது அவருடைய கேள்வி.

தடுப்பதும் விடுவதும் பெற்றவரின் உரிமை. அதிலே தீர்ப்புக் கூற நாம் யார்? ஆயினும், ஒரு முகம் இவ்வளவு தூரம் வந்து ஒரு வீட்டின் மாலைப்பொழுதைக் கலக்கியிருக்கிறது என்றால், அந்த முகத்தின் பூர்வீகத்தை விசாரித்துப் பார்ப்பது தவறாகாது. விசாரித்தோம். விசாரணையிலே சில விசித்திரமான கணக்குகள் அகப்பட்டன. அவற்றை அந்த அம்மையாரோடும் ஏனைய வாசகர்களோடும் பகிர்ந்துகொள்வதே இவ்வாரத்து வேலை.

அட்லஸ் பிறந்தது கணினித் திரையில் அன்று. மேசைமேல் விரித்த ஒரு கடதாசிப் படத்திலும் இரண்டு பகடைகளிலுமே அது பிறந்தது. அமெரிக்காவில் ஜோர்டன் வைஸ்மன், றொஸ் பப்கொக் என்னும் இளைஞர் இருவர் 1980ஆம் ஆண்டில் ‘பாசா’ என்றொரு விளையாட்டுப் பதிப்பகத்தைத் தொடங்கினர். ஏதோ விண்வெளி ஆராய்ச்சி நிலையத்தின் பெயர்போலத் தொனிக்கும் இது, மார்க்ஸ் சகோதரர்களின் பழைய சிரிப்புப் படமொன்றில் வரும் கற்பனை நாட்டை வைத்துப் புனைந்த கேலிப் பெயராகும். சிக்காகோ நகரிலிருந்து இயங்கிய அப்பதிப்பகம், 1984இல், மனிதர் உள்ளே ஏறியிருந்து செலுத்தும் இரும்பு இராட்சதர்கள் பொருதுகின்ற விளையாட்டொன்றைப் பெட்டியிலிட்டு விற்கத் தொடங்கியது. ‘டிறொயிட்’ என்னும் சொல் அதன் பெயரிலே கலந்திருந்தது. அச்சொல் எமக்கே உரியது என்று ‘ஸ்டார் வோர்ஸ்’ படக்காரர் உரிமை கொண்டாடவே, மறு ஆண்டில் ‘பற்றில்ரெக்’ என்று பெயர் மாறியது. இன்றுவரை அப்பெயரே நிலைத்திருக்கிறது.

முதற் பெட்டியிலிருந்த யந்திரங்களுட் பல ஜப்பானியச் சித்திரப் படங்களிலிருந்து உருவம் பெற்றவை. அவ்வுருவங்கள் யாருக்குச் சொந்தம் என்று பிற்காலத்தில் வழக்கு எழுந்தது. 1996ஆம் ஆண்டளவில் பதிப்பகத்தார் அவற்றைத் தமது நூல்களிலிருந்து நீக்கிவிட்டனர். அட்லஸுக்கு அந்தத் தொல்லை நேரவில்லை. 1986இல் வெளிவந்த போர்ப்பொறி விவரநூலில் இடம்பெற்ற அந்த உருவம் அவர்களுடைய சொந்தச் சரக்கு. மற்றவை மறைந்திருந்த காலத்திலும் அட்டைப்படங்களில் அட்லஸ் துணிந்து நின்றமைக்கும், இந்த விளையாட்டு என்றாலே அந்த மண்டையோடு நினைவுக்கு வருமளவுக்கு அது அடையாளமானமைக்கும் இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பது எமது ஊகம்.

கதையிலே அட்லஸின் பிறப்பு வேறு விதமாகச் சொல்லப்படுகிறது. மனித குலம் நட்சத்திரங்களெங்கும் பரவி ஒரு பேரரசாக வாழ்ந்த காலம், ஆண்டு 2755. அப்பேரரசின் படைத்தலைவன் அலெக்சாந்தர் கெரென்ஸ்கி, தன் பொறியியலாளரை அழைத்து ஒரு யந்திரத்துக்கு ஆணையிடுகிறான். வலிமையில் அதற்கு மேல் ஒன்று இருத்தல் ஆகாது. கவசத்தைத் துளைக்க இயலக்கூடாது. இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒரு நிபந்தனையும் வைக்கிறான். பார்ப்பதற்கு அது இயன்ற அளவு அவலட்சணமாகவும் அச்சந்தருவதாகவும் இருக்க வேண்டும். அச்சமும் தன் படையில் ஒரு சேவகனாக நிற்க வேண்டும் என்பது அவன் எண்ணம். அதனால் வந்தது மண்டையோட்டு முகம். ஓட்டுநர் அமர்ந்திருப்பது அந்தத் தலைக்குள்ளேதான்.

இந்த எண்ணம் நமக்குப் புதிதன்று. கம்பனுடைய காவியத்திலே கும்பகருணன் போர்க்களத்துக்கு வந்தபோது, அவன் வாளை உருவுமுன்னரே வானரப் படை நிலைகுலைகிறது. இராமனே வீடணனைப் பார்த்து, இவன் யார் என்று வினவுகிறான். உருவமே பாதிப் போரைச் செய்துவிடும் என்பதைக் கவிஞரும் அறிவர், படைத்தலைவரும் அறிவர். அட்லஸை வரைந்த அமெரிக்கரும் அறிந்திருந்தனர் போலும்.

இனி, மாணவ வாசகர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். ஏனெனில் பற்றில்ரெக் விளையாட்டின் சுவை முழுவதும் கணக்கிலேயே இருக்கிறது.

அட்லஸின் நிறை நூறு தொன். பெரிய கொம்பன் யானை ஒன்று ஐந்து தொன் என்று கொண்டால், இருபது யானைகளை ஒன்றாகப் பிணைத்த நிறை. அடிப்படை விதிகள் நூறு தொன்னுக்கு மேல் போக அனுமதிப்பதில்லை. ஆகையால் இது உச்சவரம்பிலேயே நிற்கின்ற யந்திரம். எந்த யந்திரத்தை அமைப்பவரும் அதன் நிறையை உறுப்பு உறுப்பாகப் பங்கிட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி. வீட்டுச் செலவுக் கணக்கைப் போல, வரவுக்கு மேல் செலவிட முடியாது. அட்லஸின் கணக்கைப் பாருங்கள். எலும்புக்கூடு போன்ற உட்சட்டம் 10 தொன். அணுக்கருப் பிணைவினால் இயங்கும் எஞ்சின் 19 தொன். விழாமல் காக்கும் சமநிலைச் சுழலி 3, ஓட்டுநர் அறை 3. கவசம் 19. வெப்பந் தணிக்கும் கருவிகள் 10. மார்பின் வலப்புறத்திலுள்ள பெரும் பீரங்கி மட்டும் 14, அதற்குரிய குண்டுகள் 2. நெடுந்தூர ஏவுகணைகளை இருபது இருபதாக வீசும் கூடு 10, அதற்கான ஏவுகணைகள் 2. குறுந்தூர ஏவுகணைக் கூடு 3, அதன் இருப்பு 1. லேசர்க் கதிர்க் கருவிகள் நான்கும் சேர்ந்து 4. கூட்டிப் பாருங்கள், சரியாக நூறு.

எல்லாவற்றையும் கூட்டியாயிற்று. மண்டையோட்டுக்கு எங்கே நிறை?

அதற்கு நிறையில்லை. அந்த முகத்துக்கு ஒரு இறாத்தல்கூட ஒதுக்கப்படவில்லை. ஒதுக்க வேண்டிய தேவையும் இல்லை; ஏனெனில் அடிப்படை விதிகளில் அச்சத்துக்கு என்று ஒரு புள்ளியும் கிடையாது. அட்லஸ் தோன்றியதும் எதிரியின் குறி தவறும் என்றோ, அவன் ஒரு கட்டம் பின்வாங்க வேண்டும் என்றோ எந்த அட்டவணையும் கூறுவதில்லை. கதையிலே படைத்தலைவன் கேட்ட மூன்றாவது ஆயுதம், விதிநூலிலே எங்கும் பதியப்படவில்லை. அது வேலை செய்வதாயின் மேசையின் எதிர்ப்புறத்தில் இருக்கும் மனிதரின் நெஞ்சிலேதான் வேலை செய்ய வேண்டும்.

வேலை செய்கிறது என்றே ஆடுபவர் கூறுவர். அதற்குத் தக்க நியாயமும் இருக்கிறது. அந்தப் பெரும் பீரங்கியின் ஒரு குண்டு இருபது புள்ளிச் சேதம் விளைக்கும். இருபது தொன் நிறையுள்ள ‘லோக்கஸ்ற்’, அதாவது வெட்டுக்கிளி, என்றொரு சிறு யந்திரம் உண்டு. அதன் நடு மார்பின் கவசமும் உட்சட்டமும் சேர்ந்து பதினாறு புள்ளிதான். ஆகவே அட்லஸின் ஒரே குண்டு நெஞ்சிற் பட்டால் வெட்டுக்கிளியின் கதை முடிந்தது. பீரங்கியை விடுங்கள், காலால் உதைத்தாலும் அதே இருபது புள்ளி. உதைக்குக் குண்டு வேண்டியதில்லை, தீர்ந்துபோவதுமில்லை. கையால் குத்தினால் பத்து. குத்து விழும் இடத்தை ஒற்றைப் பகடையால் தீர்மானிப்பார்கள். அதில் ஆறு விழுந்தால் அடி தலையில். இத்தகைய யந்திரம் அடுத்த கட்டத்தில் வந்து நிற்கும்போது எதிராளிக்குக் கை நடுங்குவதில் வியப்பில்லை.

ஆனால், வெட்டுக்கிளிக்கும் ஒரு கணக்கு உண்டு. படத்திலே ஓர் அறுகோணக் கட்டம் முப்பது மீற்றர். ஒரு சுற்று பத்து வினாடி. அட்லஸ் முழு வேகத்தில் ஓடினாலும் சுற்றுக்கு ஐந்து கட்டந்தான். மணிக்கு 54 கிலோமீற்றர். வெட்டுக்கிளி பன்னிரண்டு கட்டம் பாயும். மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். இலக்கு எவ்வளவு வேகமாக நகர்கிறதோ அவ்வளவுக்குக் குறி கடினமாகும். சாதாரணத் தேர்ச்சியுள்ள ஓட்டுநர் ஒருவர், நடந்துகொண்டே, நடுத்தரத் தூரத்திலிருந்து சுடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கட்டம் அசைந்த அட்லஸைத் தாக்க, இரண்டு பகடையிலும் கூட்டுத்தொகை எட்டோ அதற்கு மேலோ விழ வேண்டும். முப்பத்தாறு வாய்ப்புகளில் பதினைந்து அவருக்குச் சாதகம். பன்னிரண்டு கட்டம் பாய்ந்த வெட்டுக்கிளியைத் தாக்கவோ பதினொன்று விழ வேண்டும். அப்போது சாதகமானவை முப்பத்தாறில் மூன்றே மூன்று. மலையைக் குறிபார்ப்பதும் கொசுவைக் குறிபார்ப்பதும் ஒன்றாகுமா?

கவசத்தையும் கவனிக்க வேண்டும். அட்லஸின் கவசப் புள்ளிகள் மொத்தம் 304. எந்த மாணவனும் அந்த எண்ணைக் கேட்டதும் வாயைப் பிளப்பான். ஆனால் அவை பங்கிடப்பட்ட விதம் வேறு கதை சொல்லும். நடு மார்பின் முன்புறத்தில் 47. அதே மார்பின் முதுகுப்புறத்தில் 14. பக்க மார்புகளின் முன்புறத்தில் 32. முதுகுப்புறத்தில் பத்தே பத்து. அந்தப் பத்துப் புள்ளிகளுக்குப் பின்னால் அடுக்கியிருப்பவை வெடிகுண்டுகள். விரைந்து சுற்றிப் பின்னால் வந்துவிட்ட ஒரு சிறு யந்திரத்துக்கு இதைவிட நல்ல காட்சி வேறில்லை. அமைத்தவர்களுக்கும் இது தெரிந்தே இருக்கிறது. நான்கு லேசர்க் கருவிகளில் இரண்டைப் பின்னோக்கிப் பொருத்தியிருக்கிறார்கள். முன்னால் மண்டையோட்டை வைத்தவர்கள், பின்னால் காவல் வைக்க வேண்டியதாயிற்று.

வெப்பமும் ஒரு தொல்லை. முன்புற ஆயுதங்கள் யாவற்றையும் ஒரே சுற்றில் இயக்கிக்கொண்டு நடந்தால் இருபத்துநான்கு அலகு வெப்பம் பிறக்கும். தணிக்கும் கருவிகள் இருபது அலகைத்தான் விழுங்கும். மிஞ்சிய நாலு, அடுத்த சுற்றிலும் அப்படியே செய்தால் எட்டாகும். அப்போது நடை தளரும், குறியும் பிசகும். கோபக்காரன் சத்தமிட்டுச் சத்தமிட்டுத் தானே களைத்துப்போவதை நாம் கண்டிருக்கிறோமல்லவா? அட்லஸும் அப்படித்தான்.

விழுந்தாலோ, பெரியவனுக்குப் பெரிய அடி. சமமான தரையில் இடறி விழும் வெட்டுக்கிளிக்கு இரண்டு புள்ளிச் சேதம். அட்லஸ் விழுந்தால் பத்து.

இவையெல்லாவற்றையும்விட எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது தலைக் கணக்குத்தான். பற்றில்ரெக் விதிப்படி, கைக்கும் காலுக்கும் மார்புக்கும் உரிய கவசம் யந்திரத்தின் நிறையைப் பொறுத்து ஏறும். தலைக்கு மட்டும் ஏறாது. இருபது தொன் யந்திரமாயினும் நூறு தொன் யந்திரமாயினும் தலையில் ஒன்பது புள்ளிக்கு மேல் கவசம் இடமுடியாது. உட்சட்டம் எல்லாவற்றுக்கும் மூன்று. ஆக, பன்னிரண்டு. உலகத்தை நடுங்க வைப்பதற்கென்று செதுக்கிய அந்த மண்டையோடு, அட்லஸின் உடம்பிலே மிகவும் மெலிந்த இடம்! அட்லஸின் பாதி நிறையுள்ள ‘ஹன்ச்பக்’, அதாவது கூனன், என்றொரு யந்திரம் அதே வகைப் பெரும் பீரங்கியைத் தோளிற் சுமந்து திரிகிறது. அதன் குண்டு இலக்கைத் தொட்ட பின், பட்ட இடம் எதுவென்று அறிய மறுபடியும் இரண்டு பகடைகளை உருட்டுவார்கள். ஏழு விழுந்தால் நடு மார்பு. அதுவே அடிக்கடி விழுவது. இரண்டிலும் ஆறு விழுந்து பன்னிரண்டாயின், தலை. முப்பத்தாறில் ஒரு வாய்ப்பு. அந்த ஒன்று விழுந்த மாத்திரத்தில் பன்னிரண்டு புள்ளித் தலைக்கு இருபது புள்ளி அடி. மற்றப் பாகங்களில் ஏறத்தாழ முந்நூறு புள்ளிக் கவசம் கீறல்படாமல் நிற்க, இராட்சதன் அங்கேயே முடிந்துபோவான். சிறிய அடியாயிருந்து கவசம் தாங்கிக்கொண்டாலும், தலையிற் பட்ட அடி ஒவ்வொன்றும் உள்ளிருக்கும் ஓட்டுநருக்கு ஒரு காயம் கொடுக்கும்.

விளையாட்டை அமைத்தவர்கள் எண்ணிச் செய்தார்களோ, எதேச்சையாக நேர்ந்ததோ, சிறுவர்களை அட்லஸோடு பிணைத்து வைப்பதில் இந்த முப்பத்தாறில் ஒன்றுக்குப் பெரும் பங்கு உண்டு என்றே நமக்குத் தோன்றுகிறது. அட்லஸை ஓட்டுபவனுக்கும் உள்ளூர ஒரு பயம். அதை எதிர்ப்பவனுக்கும் உள்ளூர ஒரு நம்பிக்கை.

அச்சத்தையே ஆயுதமாகக் கட்டிய யந்திரம் உண்மையான யுத்தங்களிலும் இருந்திருக்கிறது. இரண்டாம் உலக மகாயுத்தத்தின் தொடக்கத்தில் ஜேர்மனியரின் ‘ஸ்ருக்கா’ என்னும் குண்டுவீச்சு விமானம் செங்குத்தாகப் பாய்ந்து இறங்கும்போது பயங்கரமாக ஊளையிடும். அந்த ஊளை விமானத்தின் இயற்கைச் சத்தமன்று. அதற்கென்றே சக்கரத் தாங்கியில் ஒரு சங்குக் குழலைப் பூட்டியிருந்தார்கள். காற்று அதன் விசிறியைச் சுழற்ற அது அலறும். குண்டு விழுமுன்னரே கீழே உள்ளவர்களின் நெஞ்சு உடைய வேண்டும் என்பது நோக்கம். முதலில் உடையத்தான் செய்தது. ஆனால் அந்தக் குழல் காற்றை எதிர்த்ததால் விமானத்தின் வேகம் குறைந்தது. கேட்டுப் பழகியவர்களுக்கோ அச்சத்தத்தின் புதுமை போயிற்று. பிற்காலத்தில் பல விமானங்களிலிருந்து அக்குழல்களைக் கழற்றிவிட்டார்கள். விதிநூல் கூறுவதுபோல, அச்சத்தை உண்டாக்கும் உறுப்புக்கும் எங்கேயோ ஒரு நிறை இருந்தது. விமானத்திலே அதை வேகத்தால் செலுத்த வேண்டியிருந்தது.

அதே யுத்தத்தில் ஜேர்மனியர் ‘மவுஸ்’ என்றொரு தாங்கியையும் கட்டினர். மவுஸ் என்றால் அவர்கள் மொழியில் சுண்டெலி. நிறை 188 தொன். அட்லஸைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பாலங்கள் அதைத் தாங்கமாட்டா என்பதால் ஆற்றின் அடியாலேயே கடக்க வைப்பதென்று திட்டமிட்டார்கள். முன்மாதிரிகள் இரண்டு செய்து முடிப்பதற்குள் யுத்தம் முடிவை நெருங்கிவிட்டது. களத்திலே யானை வைத்திருந்த அரசரும் இத்தகைய கணக்கை அறிந்திருந்தார்கள். கி.மு. 202இல் சாமா என்னும் இடத்திலே ஹனிபாலின் எண்பது யானைகள் ஓடிவந்தபோது, உரோமத் தளபதி சிப்பியோ அணிகளுக்கிடையே வீதிபோல இடைவெளி விட்டு, அவற்றுட் பலவற்றைக் கடந்துபோக விட்டுவிட்டான். களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்தியவனுக்கே பரணி பாட வேண்டும் என்று இலக்கணம் வகுத்தவர் நம்மவர். யானையின் பெருமையும் அதில் இருக்கிறது. அது விழக்கூடியது என்பதும் இருக்கிறது.

“இப்படி ஒன்றை உண்மையிலேயே செய்துவிடுவார்களா?” என்று அம்மையார் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறார். இதற்கு நாம் தயக்கமின்றி விடை கூறலாம். இத்தாலிய மேதை கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலிலேயே இராட்சதர்களின் எலும்பைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார். பிற்காலத்தில் இந்தியாவிலே குடியேறி 1964இல் புவனேஸ்வரத்தில் காலமான விஞ்ஞானி ஜே. பி. எஸ். ஹால்டேனும் 1926இல் இதே விஷயத்தை ஒரு கட்டுரையில் அழகாக விளக்கினார். மனிதனைப் பத்து மடங்கு உயரமாக்கினால் அகலமும் பருமனும் பத்துப் பத்து மடங்காகி, நிறை ஆயிரம் மடங்காகும். ஆனால் தொடை எலும்பின் குறுக்குப் பரப்போ நூறு மடங்குதான். எனவே எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் முன்னிலும் பத்து மடங்கு பாரத்தைச் சுமக்க வேண்டும். முதல் அடி வைத்ததுமே தொடை முறியும். உருக்கு, எலும்பைவிட வலியது என்பது உண்மையே. தரை உருக்கன்று. மூன்று சதுர மீற்றர் பாதத்தில் நூறு தொன்னையும் நிறுத்தினால் சதுர சென்ரிமீற்றருக்கு மூன்று கிலோகிராமுக்கு மேல் அழுத்தம். இன்றைய கனரகத் தாங்கிகள் அகன்ற சங்கிலிப் பட்டையில் பாரத்தைப் பரப்பி, அதை ஒரு கிலோகிராம் அளவில் வைத்துக்கொள்கின்றன. மாரிகாலத்து வயலில் அட்லஸை இறக்கினால் என்ன ஆகும் என்பதை எமது கமக்காரரிடம் கேட்டால் போதும்.

செய்து பார்த்தவர்களும் உளர். 1960களில் அமெரிக்கத் தரைப்படைக்காக ஜெனரல் இலெக்றிக் நிறுவனத்திலே றால்ப் மோஷர் என்னும் பொறியியலாளர் நான்கு கால்களால் நடக்கும் ஒரு யந்திரத்தைச் செய்தார். அதன் நிறை ஒன்றரைத் தொன்னுக்கும் குறைவு. நடுவில் அமர்ந்த மனிதன் தன் கைகளால் அதன் முன்னங்கால்களையும், தன் கால்களால் பின்னங்கால்களையும் இயக்க வேண்டும். யந்திரம் நடந்தது, மனிதன்தான் சிறிது நேரத்திலேயே களைத்துப்போனான். ஜப்பானிலே யொக்கோஹாமா துறைமுகத்தில் 2020ஆம் ஆண்டின் இறுதியில் பதினெட்டு மீற்றர் உயரமான ‘கண்டம்’ என்னும் சித்திரப்பட இராட்சதனை அசையும்படி நிறுத்தினார்கள். அதன் நிறை 25 தொன். அது கையை நீட்டும், முழங்காலை மடிக்கும், பார்த்தவர் மெய்சிலிர்த்தனர். ஆயினும் இடுப்பிலே அதை ஒரு தாங்கி பிடித்துக்கொண்டிருந்தது. 2024 மார்ச் மாதத்தோடு அக்காட்சியும் முடிவடைந்தது. அட்லஸின் காற்பங்கு நிறைக்கே இந்தப் பாடு.

ஆகவே அட்லஸ் இனியும் படத்திலும் பகடையிலும் திரையிலுமே நடமாடும். திரைக்கு அது வந்த வழியும் சுவையானது. வைஸ்மன் இளமையில் வணிகக் கப்பற் கல்லூரியிலே பயின்றபோது, கப்பலின் மேற்றளத்தைப் போலவே அமைத்த ஒரு பயிற்சிக் கூடத்தைக் கண்டு, விளையாட்டுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று கனாக் கண்டவர். 1990இல் சிக்காகோவில் திறந்த நிலையத்திலே, ஆடுபவர்கள் ஓட்டுநர் அறை போன்ற கூடுகளுக்குள் புகுந்து ஒருவரோடொருவர் பொருதினர். வீட்டுக் கணினிக்கு 1989இல் முதல் ‘மெக்வொரியர்’ வந்தது; பெரும் புகழ் பெற்ற இரண்டாவது 1995இல் வந்தது. பாசா பதிப்பகம் 2001இல் கதவடைத்தது. அதன் பிள்ளையோ சாகவில்லை. 2018இலும் 2019இலும் புதிய கணினி விளையாட்டுகள் வெளிவந்தன. அம்மையாரின் மகன் ஆடுவது இவற்றுள் எதுவென்று கடிதத்திலிருந்து தெரியவில்லை.

அம்மையாரே, உங்கள் அச்சத்தை நாம் சிறிதாக எண்ணவில்லை. உங்களுடைய வானத்திலே முறை வைத்து ஆடும் விதி இருக்கவில்லை. எதிராளி தன் குண்டுகளின் எண்ணிக்கையைத் தாளில் எழுதி மேசைமேல் வைக்கவுமில்லை. அப்படியிருந்தும், தூரத்தே ஷெல் குத்தும் சத்தம் கேட்டதும், அது விழும் வரைக்கும் பங்கருக்குள் இருந்தபடியே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள் எம்மவருட் பலர். நீங்களும் எண்ணியிருப்பீர்கள். அந்த எண்ணிக்கையை மகனுக்கு என்றாவது சொன்னதுண்டா?

ஒரு மாலை அவன் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு அமருங்கள். அட்லஸ் வரட்டும். கடதாசி விளையாட்டிலே அதன் பெரும் பீரங்கிக்கு இருப்பது பத்துக் குண்டுகள் மட்டுமே. இரண்டு தொன்னுக்கு அவ்வளவுதான். கணினியில் அந்த எண் விளையாட்டுக்கு விளையாட்டு மாறலாம், ஆனால் அங்கும் ஓர் எண் இருக்கும். இப்போது அதனிடம் எத்தனை குண்டு மிச்சம் என்று மகனைக் கேளுங்கள். அவன் சொன்ன விடையை அடுத்த கடிதத்தில் எமக்கும் எழுதுங்கள்.